ஸ்வாந்தே அரீனியஸ்

உப்பைத் தண்ணீரிற் கரைத்தல் நாடோறும் நம் இல்லங்களில் நிகழும் செயல். அவ்வெளிய செயலினுள் மறைந்து கிடந்த உண்மையொன்றைக் காணப் புகுந்த ஓர் இளைஞர், அதன்பொருட்டுத் தம் எதிர்கால வாழ்வையே இழக்கும் நிலையை அடைந்தார். அயனி என்னுஞ் சொல்லை வகுப்பிற் பயிலும் நம் மாணவர் அவரது வரலாற்றையும் அறிதல் நன்றெனக் கருதி, அதனை ஈண்டுச் சுருங்க உரைப்போம்.

ஸ்வீடன் தேசத்தில், உப்ஸாலா நகரையடுத்த வீக் என்னுமிடத்தில், 1859ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் அரீனியஸ் பிறந்தார். தந்தையார் நில அளவையாளர். மூன்று வயதிலேயே பிறர் கற்பியாமல் தாமே எழுத்துக்கூட்டிப் படித்தாரென்பர். உப்ஸாலா சர்வகலாசாலையிற் பயின்ற பின்னர், 1881இல் ஸ்டாக்ஹோம் சென்று எட்லுண்ட் என்னும் பௌதிக ஆசிரியரிடம் ஆராய்ச்சி தொடங்கினார்.

அவர் ஆராய்ந்த பொருள் யாது? தூய நீர் மின்சாரத்தை மிக அரிதாகவே கடத்தும். உலர்ந்த உப்போ கடத்துவதேயில்லை. இரண்டுங் கூடிய கரைசல் மட்டும் நன்கு கடத்துகின்றது. மின்சாரமே உப்பைப் பிளக்கின்றதென அறிஞர் பலர் எண்ணியிருந்தனர். மின்சாரம் பாயாத போதும் கரைசலில் உப்பின் ஒரு பகுதி செயலாற்றும் நிலையில் உள்ளதென்னும் கருத்துடன் அரீனியஸ் 1884இல் தம் ஆய்வுநூலை உப்ஸாலாவில் அளித்தார். பரீட்சகர் அதனை நான்காந் தரமாக மதித்தனர். அவர் வாதித்து நிலைநாட்டிய முறைக்கு மட்டும் மூன்றாந் தரம் அளித்தனர். இத்தகைய மதிப்புப் பெற்றவர்க்குச் சர்வகலாசாலையில் ஆசிரியப் பதவி கிட்டுதல் அரிது.

அவர் மனந்தளர்ந்தாரல்லர். தம் நூலின் பிரதிகளைப் பிறநாட்டு அறிஞர்க்கு அனுப்பினார். ரீகா நகரிலிருந்த ஆஸ்ட்வால்ட் அதன் அருமையை உணர்ந்து, அவ்வாண்டிலேயே உப்ஸாலாவிற்கு நேரில் வந்து, தம்மிடம் பணியேற்குமாறு அழைத்தார். அதன்பின்னரே உப்ஸாலாவும் அவருக்கு ஆசிரியப் பதவி தந்தது.

1887இல் அவர் தம் கொள்கையைத் தெளிவுற வெளியிட்டார்: உப்பு நீரிற் கரைந்தவுடனே மின்னேற்றமுடைய அயனிகளாகப் பிரிகின்றது. நீருடன் சீறிப் பாயும் சோடியமும், நச்சுவாயுவாகிய குளோரினும் உண்ணும் உப்புநீரிற் தனித்திருத்தல் கூடுமோவெனப் பலர் வினவினர். வினா நியாயமானதே. ஆயினும் மின்னேற்றம் பெற்ற அணு, அஃதில்லாத அணுவினின்று குணத்தால் முற்றிலும் வேறுபடும். வாண்ட் ஹாப் கண்ட உண்மையும் இக்கொள்கைக்குத் துணைநின்றது. மூலக்கூறுகளின் எண்ணிக்கை ஒத்திருப்பினும், நீர்த்த உப்புக்கரைசலின் உறைநிலை சர்க்கரைக் கரைசலினும் ஏறக்குறைய இருமடங்கு தாழ்கின்றது. ஒன்று இரண்டாகப் பிரிவதாலன்றோ இது நிகழும்! வன்மையான அமிலங்கள் எவையாயினும், வன்மையான காரத்துடன் நடுநிலையாகும்போது ஒரு மோலுக்கு ஏறத்தாழ 57 கிலோஜூல் வெப்பமே வெளிப்படுதலும், ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்ஸில் அயனியும் கூடி நீராதலே அங்கு நிகழ்வதென்பதால் விளங்கிற்று.

1889இல் வெப்பநிலை ஏற இரசாயன வினைகள் விரைதலை ஒரு சமன்பாட்டால் விளக்கினார். 1896இல் காற்றிலுள்ள கரியமிலவாயு மிகின் பூமியின் வெப்பம் உயருமெனக் கணக்கிட்டார். 1903இல் இரசாயனத்திற்குரிய நோபெல் பரிசு அவரை அடைந்தது. அதனைப் பெற்ற முதல் ஸ்வீடன் நாட்டவர் அவரே. 1927 அக்டோபர் 2ஆம் நாள் ஸ்டாக்ஹோமில் மறைந்தார்.

அவர் கொள்கையும் திருத்தம் பெறாமலில்லை. உப்புப் போன்ற பொருள்கள் ஓரளவே பிரிவனவென அவர் எண்ணினார். அவை நீர்த்த கரைசலில் முற்றும் பிரிவனவெனப் பின்வந்தோர் கண்டனர். உப்பின் படிகத்திலேயே அயனிகள் அமைந்துள்ளமையும் வெளிப்பட்டது. ஆயினும் அடிப்படை அசையவில்லை. பரீட்சையில் தாழ்ந்த தரம் பெற்று வாடும் மாணவர், அம்மதிப்பெண் தம் உழைப்பின் முடிவன்று என்பதை இவர் சரிதையால் அறிவாராக. ஆனால் அரீனியஸ் பரீட்சகரை நொந்து காலங்கழித்தாரல்லர். சான்றுகளைத் தேடித் தொகுத்தார் என்பதையும் மறவாதிருப்போமாக.