மலைநாட்டில் சிறையிருந்த மாலுமி

கண்டி மலைகளில் தேயிலை வேரூன்றுவதற்கு இருநூறாண்டுகள் முன்னர், அந்நாட்டரசனிடம் 19 ஆண்டுகளுக்கு மேல் சிறையிருந்தவர் இராபர்ட் நொக்ஸ். தந்தையார் பெயரும் அதுவே. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கடலோடிய ‘ஆன்’ என்னும் கப்பலின் தலைவர் அவர். கறுவா விளையும் இலங்கைக் கரைகளை ஒல்லாந்தர் கைப்பற்றியிருந்த காலம் அது.

1659இல் சோழமண்டலக் கரையில் வீசிய புயலிலே பாய்மரத்தை இழந்த கப்பல், புதுமரம் நாட்டத் திருக்கோணமலையை அடுத்த கொட்டியாரம் வந்தது. 1660 ஏப்ரலில் இரண்டாம் இராசசிங்கனின் அதிகாரி தந்தையையும் மகனையும் சிறைப்பிடித்து, கப்பலை வசப்படுத்தும் எண்ணத்தோடு மகனை மட்டும் அதற்கு அனுப்பினான். சென்றவரோ மாலுமிகளை எச்சரித்துக் கப்பலைக் காத்தார். அதிலேயே தாமும் தப்பியிருக்கலாம், வயது 19தான். எனினும், தந்தைக்களித்த வாக்கின்படி சிறைக்கே மீண்டார். இராமகாதை பயின்ற நமக்கு இச்செயலின் அருமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மறு ஆண்டே தந்தையார் நோயால் இறந்தார். தாமும் நோயுற்றிருந்த மகன், ஏவற்சிறுவன் ஒருவன் துணையோடு அவரை அடக்கஞ்செய்தார். பின்பு தொப்பி பின்னியும், நெல்லை வட்டிக்கு ஈந்தும், மூட்டை சுமந்து சிறுவாணிகம் புரிந்தும் வாழ்ந்தார். அவ்வாணிகம் வயிற்றுப்பாட்டுக்கு மட்டுமன்று. வடக்கே செல்லும் வழியறிதற்கும் அதுவே திரையாயிற்று. 1679இல் தோழர் ஒருவரோடு அநுராதபுரம் கடந்து, அருவியாற்றோரமாக நடந்து, மன்னாரை அடுத்த அரிப்பில் ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார்.

1681இல் அவரது இலங்கை வரலாறு இலண்டனில் வெளிவந்தது. தாயகம் மீண்டு ஓராண்டு நிரம்புமுன்னரே, அவர் தந்தையைப் போலக் கப்பற்றலைவராகி மீண்டும் கீழைக்கடல் நோக்கிப் பாய்விரித்தார்.