எழுதத் தெரியாத பெண் 115 நாவல்கள் தந்தார்!
"சித்தி" படக் கதை இவருடையதுதான்

பத்மினி நடித்த "சித்தி" படம் 1966-ல் வந்தது. அதைப் பார்த்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக் கொண்ட தாய்மார்கள் நம்ம மதுரையிலும் உண்டு. ஆனால், கதை யாருடையது என்று கேட்டால் பலர் முழிப்பார்கள்.

அவர், வை.மு.கோதைநாயகி அம்மாள்.

சென்னை திருவல்லிக்கேணிக்காரர். வைணவக் குடும்பம். கோதை என்பது நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் பெயர்தான்.

1901-ல் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே தாய் இறந்து விட்டார். ஐந்தரை வயதில் கல்யாணம்! கணவர் பார்த்தசாரதிக்கும் அப்போது சின்ன வயசுதான். பள்ளிக்கூடப் படிப்பு கிடையாது.

தோழி எழுதினார்

அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கதை சொல்வதில் கோதை கெட்டிக்காரி. கணவர் நாடகம் பார்க்க அழைத்துப் போவார். பார்க்கப் பார்க்க, தானும் ஒரு நாடகம் எழுத ஆசை வந்தது. கைதான் எழுத வராதே! கோதை சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். அப்படிப் பிறந்த "இந்திரமோகனா" 1924-ல் அச்சானது. எழுதப் படிக்கக் கற்றுக் கொடுத்ததும் அதே தோழிதான்.

அடுத்த ஆண்டே "ஜகன்மோகினி" பத்திரிகையை வாங்கினார். முதல் நாவல் "வைதேகி" அதில் தொடராக வந்தது.

நாவல் படித்தாலே பொண்ணு கெட்டுப் போவாள் என்று பெரியவர்கள் நினைத்த காலம் அது. எழுதினால் சும்மா விடுவார்களா? ஏச்சும் பேச்சும் கிளம்பின. கணவர் பக்கபலமாக நின்றார். விதவை மறுமணம், வரதட்சணை, குடியின் கொடுமை என்று கோதை எழுதிக்கொண்டே போனார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருத்தி வாசிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்ட வீடுகள் அந்தக் காலத்தில் ஏராளம்.

சிறையிலும் நாவல்

காந்தியைச் சந்தித்த பிறகு பட்டையும் நகையையும் விட்டுக் கதருக்கு மாறினார். கடை மறியலில் இறங்கி 1932-ல் ஜெயிலுக்குப் போனார். அங்கேயும் பேனாவைக் கீழே வைக்கவில்லை. ஜெயிலுக்குள்ளேயே நாவல் எழுதினார்!

மொத்தம் 115 நாவல்கள். பத்திரிகையை ஏறத்தாழ 35 ஆண்டு நடத்தினார். இன்றைக்கு ஆள், அச்சு, கம்ப்யூட்டர் எல்லாம் வைத்திருப்பவர்களுக்கே மலைப்பாக இருக்கும்.

1956-ல் ஒரே மகன் சீனிவாசன் இறந்தார். அதோடு ஒடிந்து போனார் அம்மாள். காசநோயும் பிடித்துக் கொண்டது. 1960 பிப்ரவரி 20-ந்தேதி தாம்பரம் சானடோரியத்தில் உயிர் பிரிந்தது.

அவருடைய "தயாநிதி" நாவல்தான் "சித்தி" ஆனது. படம் கொட்டகைக்கு வந்தபோது, அவர் இறந்து 6 ஆண்டு ஆகியிருந்தது.