பார்க்காத ஊருக்கு ப்ளான் போட்டவர்

ஜாம்ஷெட்பூர்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வர்றது கேம்பஸ் ப்ளேஸ்மெண்ட்தான். ஆனா அந்தப் பேருக்குச் சொந்தக்காரர் அந்த ஊரை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

ஜாம்ஷெட்ஜி டாடா 1839-ல் குஜராத்தின் நவ்சாரியில், பார்சி புரோகிதர் குடும்பத்தில் பிறந்தார். 1877-ல் நாக்பூரில் எம்பிரஸ் மில்லைத் தொடங்கினார். எல்லாரும் பம்பாயில் மில் கட்டிட்டு இருந்தப்போ இவர் பருத்தி விளையற இடத்துக்கே போயிட்டார். அங்கேயே தொழிலாளர்களுக்கு பி.எஃப்., விபத்து இழப்பீடு எல்லாம் கொண்டுவந்தார். சட்டம் கேட்கறதுக்கு ரொம்ப முன்னாடியே!

எஃகு ஆலைதான் பெரிய கனவு. 1902-ல் அறுபது வயசு தாண்டியும் அமெரிக்கா போய் பிட்ஸ்பர்க் ஆலைகளைப் பார்த்தார். அதே வருஷம் மகன் டோராப்ஜிக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆலைக்கு இடமே கிடைக்கலை, ஆனா ஊர் எப்படி இருக்கணும்னு அதில் சொல்லிட்டார்: அகலமான தெருக்கள், சீக்கிரம் வளர்ற நிழல் மரங்கள், புல்வெளி, கால்பந்துக்கும் ஹாக்கிக்கும் மைதானம், கோயில், மசூதி, சர்ச்சுக்கு இடம். புகைபோக்கிக்கு முன்னாடி மரத்தை யோசிச்ச மனுஷன். என்னைக் கேட்டா அவர் செஞ்சதிலேயே பெரிய இன்ஜினியரிங் இதுதான்.

1904-ல் ஜெர்மனியில் இறந்துட்டார். சாக்சி கிராமத்தைத் தேர்ந்தெடுத்தது 1907-ல். சுவர்ணரேகா, கர்காய்னு ரெண்டு ஆறு, கோருமகிசானி மலையில் இரும்புத்தாது, ஜாரியாவில் நிலக்கரி, பக்கத்திலேயே காளிமாட்டி ரயில் நிலையம். சைட் செலக்‌ஷனுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. லண்டனில் பணம் பெயரலை; இங்கே மூணே வாரத்தில் சுமார் 8,000 இந்தியர்கள் பங்கு வாங்கினாங்க. 1912-ல் முதல் எஃகு வந்தது. முதல் உலகப் போருக்கு இந்த ஆலை தண்டவாளம் கொடுத்ததால, 1919-ல் வைஸ்ராய் செம்ஸ்போர்டு ஊருக்கு ஜாம்ஷெட்பூர்னு பேர் வெச்சார். காளிமாட்டி டாடாநகர் ஆச்சு.

1958-ல் நேரு ஜூபிலி பார்க்கைத் திறந்து வெச்சார். கடிதத்தில் கேட்ட பூங்கா, ஐம்பத்தாறு வருஷம் கழிச்சு, ஊர் நடுவுல.

ஆனா அந்தக் கடிதத்தில் இல்லாத ஒரு விஷயமும் உண்டு. அது காலி நிலம் இல்லை, ஆதிவாசி கிராமங்கள் இருந்த மண். அவங்க நிலத்து மேலதான் ஆலையும் அகலமான தெருவும் வந்துச்சு. சாக்சிங்கற பேர் மட்டும் தப்பிச்சு, இன்னைக்கு ஊரோட பெரிய கடைத்தெருவுக்கு நிக்குது.