பாலையா கேட்ட பாட்டு



1965ல வந்த 'திருவிளையாடல்' படம் உங்க எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். மாம்பழம் கிடைக்காத கோபத்துல நம்ம முருகன் மலையேறிடுறார். அவரைச் சமாதானப்படுத்த வர்ற பார்வதி, ஈசனோட விளையாடல்களை ஒவ்வொண்ணா கதையா சொல்றாங்க. ஆக, ஹேமநாத பாகவதர் கதையை அந்தப் படத்துல முதல்ல கேட்டதே நம்ம கந்தன்தான். அந்தப் பாகவதரா வந்த டி.எஸ்.பாலையா பத்தித்தான் இன்னைக்கு எழுதுறேன்.

1914ல திருநெல்வேலிப் பக்கம் பிறந்தவர். நாடக மேடையில வளர்ந்து, 1936ல 'சதி லீலாவதி' மூலமா சினிமாவுக்கு வந்தார். எம்.ஜி.ஆருக்கும் அதுதான் முதல் படம். ஆனா அவருக்குச் சின்னதா ஒரு போலீஸ் வேஷம், வில்லன் பாலையா! மறு வருஷமே 'அம்பிகாபதி'யில தியாகராஜ பாகவதருக்கு வில்லன். அப்புறம் 'வேலைக்காரி', 'தூக்கு தூக்கி', 'மதுரை வீரன்'னு வரிசையா படங்கள். 36 வருஷம் நடிச்சவரை இந்தச் சின்னப் பதிவுல அடக்க முடியாது.

நடிப்புன்னா வசனம் பேசுறதுன்னு நினைக்கிறோம். என்னைக் கேட்டா, பாலையாவோட உச்சம் அவர் பேசாம இருக்கிற இடங்கள்தான். 1964ல வந்த 'காதலிக்க நேரமில்லை'யில நாகேஷ் பேய்க்கதை சொல்வாரே, அந்த சீன். பேசுறது நாகேஷ், நாம பார்க்கிறது பாலையா முகத்தை. புரொடக்‌ஷன் இஷ்யூ வந்து ராத்திரி முழுக்க முழிச்சிருக்கிற நாள்ல எனக்கு அதுதான் மருந்து.

ஹேமநாத பாகவதர் விஷயமும் அப்படித்தான். அரசவையில பாடுற பாட்டு பாலமுரளிகிருஷ்ணா குரல். ஆனா அந்தக் கையசைப்பு, தலையாட்டல், எதிர்ல இருக்கிறவங்களைத் துச்சமா பார்க்கிற பார்வை எல்லாம் பாலையாவோட சரக்கு. போட்டியில ஜெயிச்சா பாண்டிய நாடே தன் இசைக்கு அடிமைங்கிற திமிர் உடம்பு முழுக்கத் தெரியும்.

அப்புறம் ராத்திரி, விறகு விக்கிறவனா வந்து ஈசன் பாடுறார். கேட்டவருக்குத் திகைப்பு. இவன் பாணபத்திரர் 'தேற மாட்டே'ன்னு ஒதுக்கின ஆளுன்னு தெரிஞ்சதும் பாகவதர் ஆடிப்போயிடுறார். ஒதுக்கப்பட்டவனே இப்படிப் பாடினா குரு எப்படிப் பாடுவார்? ராத்திரியோட ராத்திரியா ஊரைக் காலி பண்றார். ஈசன் அங்கே சூலத்தைத் தூக்கலை, சாபம் கொடுக்கலை. பாடினது கடவுள்னே அவருக்குத் தெரியாது. தோத்துட்டோம்னு தானே ஒத்துக்கிறார். பாடுறது சிவாஜி, குரல் டி.எம்.எஸ்.; ஆனா அது தெய்வப் பாட்டுன்னு நம்மளை நம்ப வைக்கிறது கேட்டவரோட முகம்தான். அங்கே பாலையா கோட்டை விட்டிருந்தா அது வெறும் நல்ல சினிமாப் பாட்டா நின்னிருக்கும்.

1968ல 'தில்லானா மோகனாம்பாள்'ல சிவாஜியோட நாகஸ்வரத்துக்குத் தவில்காரரா வந்தார். அதுவும் கேட்டுக் கேட்டு வாசிக்கிற வேலைதான். 1972 ஜூலையில காலமானார். 57 வயசு.

அரசவைப் பாட்டை மட்டும் கிளிப்பா வெட்டி ஸ்டேட்டஸ் வைக்கிறவங்களுக்கு ஒரு வேண்டுகோள்: அந்தக் கதையைக் கடைசி வரைக்கும் பாருங்க. கிளிப்புல திமிர் மட்டும்தான் இருக்கு, அவர் ஊரை விட்டுப் போறது இல்லை.