நுளம்பின் வயிற்றைத் திறந்து பார்த்தவர்

எங்கள் பாட்டன் பாட்டிமார் குளிர் காய்ச்சலையும் கொயினாவின் கசப்பையும் ஒருசேர அறிந்தவர்கள். 1934ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து 1935 வரை இலங்கையிலே சுமார் 80,000 உயிர்களைக் கொள்ளை கொண்ட நோய் அது. மழை பொய்த்து ஆறுகள் வற்ற, மணலிலே தேங்கிய குட்டைகளில் நுளம்பு பெருகியதே காரணம். நுளம்புதான் குற்றவாளி என்பதை அதற்கு 37 ஆண்டுகளுக்கு முன்னரே கண்டவர் சேர் றொனால்ட் றொஸ்.

1857 மே 13இல் இமயமலைச் சாரலில் அல்மோறாவிலே, ஒரு பிரித்தானியப் படை அதிகாரியின் மகனாகப் பிறந்தார். அவர் உள்ளம் கவிதையிலும் சித்திரத்திலும் கிடந்தது. தகப்பனாரின் பிடிவாதமே வைத்தியராக்கியது. 1881இல் இந்திய வைத்திய சேவையிற் சேர்ந்தார். முதற் பத்தாண்டுகளில் அவர் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

1880இலேயே பிரெஞ்சு வைத்தியர் லவரான், அல்ஜீரியாவில் நோயாளியின் குருதியிலே மலேரியாக் கிருமியைக் கண்டிருந்தார். றொஸ் அதை நம்பவில்லை. 1894இல் இலண்டனிலே பற்றிக் மான்சன் நுணுக்குக்காட்டியிற் காட்டிய பின்பே ஐயம் தீர்ந்தது. செங்குருதிக் கலத்தினுள்ளே புகுந்து அதைத் தின்று, கரிய துகள்களை எஞ்ச விடும் கிருமி அது. குருதியில் இருப்பது நுளம்பினுள்ளும் செல்கின்றதா என்று தேடுவதே பின்னர் அவர் வேலையாயிற்று.

செக்கந்தராபாத்தில் இரண்டு வருடம் பிழையான இன நுளம்புகளையே அறுத்துப் பார்த்தார். இடையில் 1897இல் உதகமண்டலத்தை அடுத்த சீகூர்ப் பகுதிக்குப் போய்த் தாமே காய்ச்சலில் விழுந்தார். ஆவணி வெயிலிலும் பங்கா போட முடியாது. அறுத்து வைத்த நுளம்பு பறந்துவிடும். வியர்வை பட்டு நுணுக்குக்காட்டியின் திருகாணிகள் துருவேறின. ஹுசைன் கான் என்னும் நோயாளி, கடிக்கும் நுளம்பு ஒன்றுக்கு ஓர் அணா வீதம் பெற்றுக்கொண்டு தம் உடலைக் கொடுத்தார். 1897 ஓகஸ்ட் 20இல், புள்ளிச் சிறகுடைய நுளம்பொன்றின் இரைப்பைச் சுவரிலே, அதே கரிய துகள்களோடு வட்டமான கலங்களை றொஸ் கண்டார். மறுநாள் அறுத்த நுளம்பில் அவை இன்னும் பெருத்திருந்தன.

உடனே மேலிடம் அவரை மலேரியா அரிதான ஊருக்கு மாற்றியது! 1898இல் கல்கத்தா சென்றார். அங்கே பிளேக் பீதியால் மக்கள் வைத்தியர் ஊசியைக் கண்டாலே ஓடினர். எனவே குருவிகளைக் கொண்டு ஆராய்ந்து, கிருமி நுளம்பின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்து கடியின் வழியே பரவுவதை நிறுவினார். பக்கத்தில் நின்று உழைத்தவர் முகமது பக்ஸ்.

1902இல் நோபல் பரிசு றொஸுக்கு மட்டுமே கிடைத்தது. இத்தாலியரான கிராசியுடன் முன்னுரிமைக்காக அவர் நடத்திய சச்சரவு நெடுங்காலம் ஓயவில்லை. அவ்வளவு பெரியவருக்கு அது அழகன்று. 1932 செப்ரெம்பர் 16இல் இலண்டனிற் காலமானார். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. ஹுசைன் கானின் பெயரை நாம் அறிவது, றொஸ் அதை எழுதி வைத்தமையால்தான்.