கழுதை வண்டிப் பையன் பேராசிரியர் ஆனார்!

நீங்கள் எந்த வயதில் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டீர்கள்? ஐந்து வயதிலா, ஆறு வயதிலா? பதினைந்து வயது வரை ஒரு செய்தித்தாளைக்கூடப் படிக்கத் தெரியாமல் இருந்த சிறுவன் ஒருவன், பிற்காலத்தில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் மொழியியல் பேராசிரியர் ஆனான் என்றால் நம்புவீர்களா? அவர்தான் ஜோசப் ரைட். அவருடைய கதையைக் கேளுங்கள்.

இங்கிலாந்தின் வடக்கே யார்க்‌ஷயர் என்ற பகுதி இருக்கிறது. அங்கே பிராட்போர்டு நகருக்குப் பக்கத்தில் தாக்லி என்னும் சிற்றூரில், 1855-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் தேதி ஜோசப் பிறந்தார். ஏழைக் குடும்பம். ஆறு வயதிலேயே கல் குவாரிக்கு வேலைக்குப் போனார். கல் உடைப்பவர்களின் மழுங்கிய கருவிகளைக் கழுதை வண்டியில் ஏற்றிக் கொல்லன் பட்டறைக்குக் கொண்டுபோய், கூராக்கித் திரும்பக் கொண்டுவர வேண்டும். அதுதான் அவர் வேலை.

ஏழு வயதில் சால்டேர் என்ற ஊரில் இருந்த பெரிய கம்பளி ஆலையில் சேர்ந்தார். ஓடும் இயந்திரத்தில் நூல் சுற்றி நிறைந்த பாபின்களைக் கழற்றிவிட்டு, காலி பாபின்களை மாட்ட வேண்டும். அந்தக் காலத்தில் ஆலைச் சிறுவர்களுக்குப் பாதி நாள் வேலை, பாதி நாள் பள்ளிக்கூடம். அந்த அரை நாள் படிப்பில் அவர் சரளமாக வாசிக்கும் அளவுக்குக் கற்கவில்லை. வளர்ந்ததும் கம்பளியைத் தரம் பிரிக்கும் தொழிலாளி ஆனார்.

1870-இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. ஆலையில் ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படிப்பார். மற்றவர்கள் சுற்றி நின்று கேட்பார்கள். ஜோசப்பும் கேட்டார். அடுத்தவர் படித்துச் சொல்லும்வரை நாம் ஏன் காத்திருக்க வேண்டும் என்ற எண்ணம் அவர் மனத்தில் தைத்தது. பைபிளையும் இன்னொரு புத்தகத்தையும் வைத்துக்கொண்டு தானாகவே படிக்கவும் எழுதவும் பழகினார். பிறகு இரவுப் பள்ளியில் சேர்ந்து பிரெஞ்சு, ஜெர்மன், லத்தீன், கணிதம் எல்லாம் கற்றார். பகலெல்லாம் ஆலை வேலை, இரவில் படிப்பு!

பதினெட்டு வயதில் இன்னொரு காரியம் செய்தார். தாயார் வீட்டிலேயே ஓர் இரவுப் பள்ளி தொடங்கி, தன்னோடு வேலை செய்தவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். கட்டணம் வாரத்துக்கு இரண்டு பென்னி. கற்றதைத் தன்னோடு பூட்டி வைத்துக்கொள்ளவில்லை, பார்த்தீர்களா?

சிறுகச் சிறுகச் சேர்த்ததில் 1876-இல் கையில் 40 பவுண்டு இருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஜெர்மனியின் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட்டார். கப்பலில் ஆன்ட்வெர்ப் துறைமுகம் போய் இறங்கினார். அங்கிருந்து ஹைடல்பர்க் சுமார் 400 கிலோமீட்டர். ரயில் கட்டணத்தை மிச்சப்படுத்த, அத்தனை தூரத்தையும் நடந்தே கடந்தார்!

பணம் தீர்ந்ததும் ஊர் திரும்பிப் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தார். படிப்பை மட்டும் விடவில்லை. மறுபடி ஹைடல்பர்க் போய், கிரேக்க மொழியின் உயிரெழுத்து ஒலிகளை ஆராய்ந்து 1885-இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1888-இல் ஆக்ஸ்போர்டு அவரை வரவேற்றது. 1901-இல் ஒப்பியல் மொழியியல் பேராசிரியர் ஆனார். மொழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, அவற்றின் உறவையும் வரலாற்றையும் கண்டறியும் துறை அது.

பெரிய படிப்புப் படித்தவர் தம் ஊர்ப் பேச்சை மறந்திருப்பார் என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை. நகரத்தார் பலர் கிராமத்துப் பேச்சைக் கொச்சை என்று ஒதுக்கிய காலம் அது. ரைட்டோ, தாம் வளர்ந்த விண்ட்ஹில் ஊரின் பேச்சுக்கே இலக்கணம் எழுதி 1892-இல் நூலாக வெளியிட்டார்.

அந்தப் பேச்சில் அப்படி என்ன இருக்கிறது? ஓர் உதாரணம் சொல்கிறேன். ஆங்கிலத்தில் விளையாடு என்பதற்கு ‘பிளே’ என்று படித்திருப்பீர்கள். யார்க்‌ஷயர் மக்கள் ‘லேக்’ என்பார்கள். சிற்றோடையை ‘பெக்’ என்பார்கள். இவை தப்பும் தவறுமான ஆங்கிலம் அல்ல. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கடல் கடந்து வந்து அங்கே குடியேறிய வைக்கிங் மக்கள் கொண்டுவந்த சொற்கள். புத்தக ஆங்கிலத்தில் இடம் பெறாத பழைய சொற்களை ஆடு மேய்ப்பவரும் ஆலைத் தொழிலாளியும் வாயிலேயே காப்பாற்றி வைத்திருந்தார்கள்.

முதியவர்கள் மறையும்போது இந்தச் சொற்களும் மறைந்துவிடுமே! ஆகவே வட்டாரச் சொற்களுக்கு ஒரு பெரிய அகராதி உருவாக்கும் பொறுப்பை ரைட் ஏற்றார. நாடெங்கும் ஆர்வலர்கள் சொற்களைத் திரட்டிச் சீட்டுகளில் எழுதி அனுப்பினார்கள். சொல் என்ன, பொருள் என்ன, எந்த ஊரில் வழங்குகிறது என்று ஒவ்வொன்றையும் சரிபார்க்க வேண்டும். வெளியிடும் செலவுக்கும் தம் சொந்தப் பணத்தைப் போட்டார். அவருடைய மாணவியாக இருந்து, 1896-இல் அவரை மணந்த எலிசபெத் மேரி, இந்த வேலையில் அவருக்குத் துணை நின்றார். 1898 முதல் 1905 வரை ஆறு பெரும் தொகுதிகளாக ‘ஆங்கில வட்டார வழக்கு அகராதி’ வெளிவந்தது.

அவர்கள் வாழ்வில் துயரமும் உண்டு. பிறந்த இரண்டு குழந்தைகளும் சிறு வயதிலேயே இறந்துபோயினர். அந்தத் துக்கத்திலும் இருவரும் சேர்ந்து இலக்கண நூல்கள் எழுதினார்கள்.

ரைட்டிடம் படித்தவர்களில் ஒருவரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ‘தி ஹாபிட்’, ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ கதைகளை எழுதிய டோல்கீன்தான் அவர்!

1925-இல் ஓய்வு பெற்ற ரைட், 1930 பிப்ரவரி 27-இல் காலமானார். அவருடைய அகராதியை ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் பல்கலைக்கழக அறிஞர்கள் பின்னாளில் கணினியில் ஏற்றியிருக்கிறார்கள்.

குழந்தைகளே! உங்கள் வகுப்பில் யாராவது தாமதமாகப் படிக்கக் கற்றுக்கொண்டால் சிரிக்காதீர்கள். வேறு ஊரிலிருந்து வந்த மாணவன் உங்களுக்குப் புதிதான ஒரு சொல்லைச் சொன்னால் கேலி செய்யாதீர்கள். அதன் பொருளைக் கேட்டு, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வீட்டில் பாட்டி தாத்தா பேசும்போதும் காது கொடுத்துக் கேளுங்கள். இந்த வாரம் பத்துச் சொற்கள் சேர்க்க முடிகிறதா, பாருங்களேன்!