தத்துவ போதகர்

மதுரையைப் பாண்டியரோடும் நாயக்கரோடும் இணைத்துப் பேசும் நாம், ஐபீரிய வல்லரசின் நிழல் இந்நகர்மீது படிந்த காலத்தை மறந்துவிடுகிறோம். இத்தாலியில் 1577இல் பிறந்த இராபர்ட் தெ நொபிலி, 1606இல் மதுரை வந்தார். அந்நாளில் போர்ச்சுக்கலும் ஸ்பெயினும் ஒரே மன்னரின் கீழ் இருந்தன. இங்கு முன்னரே பணிபுரிந்த போர்த்துக்கீசியப் பாதிரியாரை மக்கள் பறங்கி என்றனர். கிறித்தவராவது பறங்கியராவதே எனக் கருதி விலகினர்.

சமயம் வேறு, பறங்கியர் பண்பாடு வேறு எனத் தெளிந்தவர் நொபிலி. காவி உடுத்தார், புலால் நீத்தார், தமிழும் தெலுங்கும் வடமொழியும் கற்றார், தத்துவ போதகர் எனப் பெயர் பூண்டு, 'ஞானோபதேசம்' முதலிய உரைநடை நூல்களை யாத்தார். உடன்பணியாளரே அவரை எதிர்த்தனர். போப்பாண்டவர் பதினைந்தாம் கிரகோரியின் 1623ஆம் ஆண்டு ஆணை, அவ்வழக்கை அவருக்குச் சார்பாக முடித்தது. எனினும், சாதி வேற்றுமையையும் நாட்டு வழக்கமென ஏற்றமை அவர்தம் நெறியின் குறையே என்போம்.

1656இல் மயிலாப்பூரில் அவர் மறைந்தார். பறங்கியர் ஆட்சி அகன்ற பின்னும் சன்னல், சாவி, மேசை, அலமாரி என அவர்தம் சொற்கள் நம் இல்லங்களில் வாழ்கின்றன. அவற்றை ஏற்ற தமிழ் தமிழாகவே நிற்கிறது. அதுபோலவே, சமயம் மாறினும் மொழியும் மண்ணும் மாறவேண்டுவதில்லை என்பதை நொபிலியின் வாழ்வு நமக்கு உணர்த்துகிறது.